தொடக்க எழுத்தாளருக்கு ஒரு பழைய ஏடு

கவிதையோ கதையோ எழுதும் ஆற்றல் பிறவியிலேயே வாய்ப்பதா, பயிற்சியால் கைவருவதா என்னும் வினா மிகப் பழையது. பிறவியில் வாய்ப்பது என்று விடை கூறுவோர் தொடக்கநிலையில் நிற்கும் இளைஞருக்கு எவ்வழியையும் காட்டுவதில்லை. அவர் எழுதிய முதற்பக்கம் நன்கு அமையாவிட்டால், தமக்கு அவ்வாற்றல் இல்லையென்று தாமே தீர்ப்பளித்துக்கொண்டு பேனாவை மூடிவைத்துவிடுகிறார். பயிற்சியால் கைவரும் என்போரோ, அப்பயிற்சி யாது, அதை எங்கே தொடங்குவது, தடைப்பட்டால் என்ன செய்வது என்பவற்றைச் சொல்லாமலே போய்விடுகின்றனர். இவ்விரு விடைகளுக்கும் இடையில் அகப்பட்டு எழுதப்படாமலே போன நூல்கள் எத்தனையோ! ஒரு சமுதாயத்தில் எழுதக்கூடியோர் எழுதாமல் நின்றுவிட்டால், அச்சமுதாயத்தின் வாழ்வைப் பிறர் தமக்குத் தெரிந்த அளவில் எழுதுவர்; அல்லது எவருமே எழுதமாட்டார். எனவே, தொடக்க எழுத்தாளரின் தன்னம்பிக்கை என்பது தனிமனிதரின் மனநிலை பற்றிய செய்தி மட்டுமன்று.

இவ்வினாவை அரபு மொழியினர் ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே நுணுகி ஆராய்ந்துள்ளனர். அவ்வாராய்ச்சியின் தொடக்கக் காலத்திலேயே, எழுதவும் பேசவும் பயிலும் இளைஞர்களுக்கென்று ஓர் ஏடு எழுதப்பட்டது. அளவில் சிறியது, இன்றைய அச்சில் சில பக்கங்களுக்குள் அடங்கிவிடக் கூடியது. ஆயினும் தொடக்கநிலையில் ஒருவர் சந்திக்கும் இடர்கள் பலவற்றையும் அது தொட்டுச் செல்கிறது. அவ்வேட்டின் கருத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கி, பிற்கால அறிஞர்களும் படைப்பாளர்களும் கண்ட உண்மைகளோடு அவற்றை ஒப்புநோக்குவதே இக்கட்டுரையில் நமது நோக்கமாகும்.

ஏடு பிறந்த சூழல்

பிஷ்ர் இப்னுல் முஃதமிர் என்பார் பக்தாதில் வாழ்ந்த சிந்தனையாளர்; கவிஞர்; முஃதஸிலாப் பிரிவினருள் பக்தாத் சிந்தனைக்குழுவைத் தோற்றுவித்தவர். அவர் மறைந்தது ஹிஜ்ரி 210, அதாவது கி.பி. 825 அளவில் என்பர். இவரது ஏட்டை நமக்குக் காத்துத் தந்தவர் அரபு உரைநடையின் பேராசான் எனப் போற்றப்படும் ஜாஹிழ். தமது 'அல்பயான் வத்தப்யீன்' என்னும் பெருநூலில் அவர் இதனை முழுமையாக எடுத்தாண்டு, அது தோன்றிய சூழலையும் குறிப்பிடுகிறார்.

இப்ராஹீம் இப்னு ஜபலா என்னும் சொற்பொழிவாளர் இளைஞர் சிலருக்குப் பேச்சுக்கலை கற்பித்துக்கொண்டிருந்தார். அவ்வழியே வந்த பிஷ்ர் சற்று நின்றார். அவரும் பாடம் கேட்க வந்தார் போலும் என்று ஆசிரியர் எண்ணினார். பிஷ்ரோ, அவர் சொன்னவற்றை விட்டுவிடுமாறு இளைஞர்களிடம் கூறி, தாம் எழுதிய ஏட்டை அவர்களிடம் கொடுத்தார். அவ்வேடு படிக்கப்பட்டபோது, இவ்விளைஞர்களைக் காட்டிலும் தமக்கே இது மிகுதியாகத் தேவைப்படுகிறது என்று அந்த ஆசிரியரே ஒப்புக்கொண்டார் என்பது செய்தி.

இந்நிகழ்ச்சி நகைச்சுவைக்காக மட்டும் சொல்லப்பட்டதாகத் தோன்றவில்லை. எழுத்துப் பயிற்சியில் ஆசிரியர், மாணவர் என்னும் எல்லைக்கோடு மிக மெல்லியது. ஒவ்வொரு புதிய படைப்பின் முன்னும் தேர்ந்த எழுத்தாளரும் தொடக்கநிலையினராகவே அமர்கிறார். தமக்கு மட்டுமே தயக்கமும் தடுமாற்றமும் உண்டென்று எண்ணி வருந்தும் இளைஞர், அந்த முதுபெரும் ஆசிரியரின் ஒப்புதலை நினைவிற்கொள்ள வேண்டும்.

நல்ல வேளையைத் தேர்தல்

ஏட்டின் முதற்கருத்து காலத்தைப் பற்றியது. உள்ளம் ஊக்கத்தோடும் கவலையற்றும் இருக்கின்ற வேளையை எழுதுவதற்கென்று ஒதுக்கிக்கொள்ள வேண்டும்; அவ்வேளையில் கிடைக்கும் சிறிதளவு எழுத்து, நாள் முழுதும் வருத்தி வருத்திப் பெறும் பெருமளவு எழுத்தைவிடச் சிறந்தது என்பது பிஷ்ரின் கருத்து. பன்னூற்றாண்டுகளுக்குப் பின்னர் வந்த இப்னு கல்தூன் (1332–1406) தமது 'முகத்திமா'வில் கவிதைக்கலையைப் பற்றி எழுதும்போது இதனையே மேலும் விரித்தார். தனிமை, நீரும் மலரும் உள்ள இனிய இடம், துயில் நீங்கி எழும் விடியற்பொழுது ஆகியன கவிதைக்கு உகந்தவை என்றார்.

நீரும் மலரும் நம்மில் எல்லார்க்கும் வாய்க்கா. ஆயினும் இக்கருத்தின் உட்பொருள் எவர்க்கும் பொருந்தும். தொடக்கநிலையினர் பலர், வேலையெல்லாம் முடிந்து உடலும் உள்ளமும் சோர்ந்த பின்னிரவில் எழுத அமர்கின்றனர். எழுத்து வராதபோது தம் திறமையின்மேல் பழிபோடுகின்றனர். குறை திறமையில் இல்லை. தேர்ந்த நேரத்தில் இருக்கிறது. நாளின் மிகச் சிறந்த அரைமணி நேரத்தை எழுத்துக்குக் கொடுத்துப் பார்த்த பின்னரே திறமையைப் பற்றிப் பேசுதல் முறையாகும்.

எகிப்திய நாவலாசிரியர் நஜீப் மஹ்ஃபூழ் (1911–2006) இதற்கு நல்ல சான்று. 1934இல் தொடங்கி 1971இல் ஓய்வு பெறும்வரை அவர் அரசு அலுவலராகவே பணியாற்றினார். அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதை வரையறுத்துக்கொண்டு ஒழுங்காக எழுதினார். கெய்ரோவின் ஒரு குடும்பத்தை மூன்று தலைமுறைகளில் காட்டும் அவரது பெரும் முந்நாவல் தொகுதி 1956, 1957ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. 1988இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. வாழ்நாள் முழுதும் ஓய்வாக இருந்தால்தான் எழுத முடியும் என்பார்க்கு இவ்வரலாறு தக்க விடையாகும். நல்ல வேளை தானே வருமென்று அவர் காத்திருக்கவில்லை. நாள்தோறும் ஒரே பொழுதில் அமர்ந்ததால் அப்பொழுதே நல்ல வேளையாகப் பழகிவிட்டது எனலாம்.

கடுஞ்சொல்லும் எளிய சொல்லும்

ஏட்டின் இரண்டாம் கருத்து சொல்லைப் பற்றியது. கரடுமுரடான சொற்களை நாடுவது சிக்கலில் கொண்டுபோய்விடும். சிக்கல் பொருளை அழித்துச் சொல்லையும் கெடுக்கும் என்று பிஷ்ர் எச்சரிக்கிறார். அதனோடு இன்னொன்றும் கூறுகிறார். ஒரு பொருள் கற்றோர்க்குரியது என்பதால் உயர்ந்துவிடுவதில்லை; பொதுமக்களுக்குரியது என்பதால் தாழ்ந்துவிடுவதும் இல்லை. சரியாக இருத்தல், பயன் தருதல், சூழலுக்குப் பொருந்துதல் ஆகியவையே அதன் மதிப்பை முடிவு செய்கின்றன என்பது அவர் கொள்கை.

தன்னம்பிக்கை குறைந்த எழுத்தாளரே கடுஞ்சொல்லை மிகுதியாக நாடுகிறார் என்பது கருதத்தக்கது. தாம் சொல்லவந்த செய்தி மிக எளியது, பிறர் மதியார் என்னும் அச்சம் அவரை அலங்காரத்துக்குள் ஒளிந்துகொள்ளச் செய்கிறது. எடுத்துக்காட்டாக, மாலைநேரத்தைக் கூறவந்த ஒருவர், 'செங்கதிர்ச் செல்வன் தன் பொற்கரங்களைச் சுருட்டிக்கொண்டு மேற்றிசைக் கடலில் நீராடப் புகுந்த வேளையில்' என்று தொடங்குவதாகக் கொள்வோம். இதே மாலையை மற்றொருவர், 'மஃரிபு பாங்கு கேட்டது. வாப்பா இன்னும் கடையிலிருந்து வரவில்லை' என்று எழுதுகிறார். முன்னதில் கதிரவனைத் தவிர எவரும் இல்லை. அக்கதிரவனையும் நாம் பலமுறை பலரிடம் கேட்டிருக்கிறோம். பின்னதில் நேரம் தெரிகிறது, வீடு தெரிகிறது, காத்திருக்கும் ஒருவரின் கவலையும் தெரிகிறது. அடுத்த வரியைப் படிக்க வேண்டும் என்ற விருப்பமும் எழுகிறது. பின்னதை எழுதியவர் எவ்வகையிலும் தாழ்ந்த எழுத்தாளர் அல்லர். தாம் அறிந்த ஒன்றைத் தம் சொல்லால் சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது, அவ்வளவே.

எழுத்து வர மறுக்கும்போது

ஏட்டின் மிகச் சிறந்த பகுதி இனி வருவது. எழுத அமர்ந்தவரின் நிலைகளைப் பிஷ்ர் மூன்றாகப் பகுக்கிறார்.

சொல் மென்மையாகவும் பொருள் தெளிவாகவும் தாமே வந்து அமைவது முதல்நிலை. இது வாய்த்தவருக்கு அறிவுரை தேவையில்லை.

சொல் தனக்குரிய இடத்தில் வந்து அமராமல் அலைவது இரண்டாம் நிலை. அப்போது அதனை வலிந்து திணிக்கலாகாது, எரிச்சலும் கொள்ளலாகாது. அன்றைய பகலோ இரவோ அதை விட்டுவிட்டு, உள்ளம் தெளிந்திருக்கும்போது மீண்டும் வரவேண்டும். இயல்பில் ஆற்றல் இருக்குமாயின் அப்போது அது மறுமொழி தராமல் இராது என்கிறார்.

வேறு தடை ஏதுமின்றி, போதிய இடைவெளி விட்டு முயன்ற பின்னரும் எழுத்து வர மறுப்பது மூன்றாம் நிலை. அந்நிலையில், தமக்கு மிகவும் விருப்பமானதும் எளிதாக வருவதுமான வேறு கலைக்கு மாறிக்கொள்ளலாம். விருப்பம் என்பது காரணமின்றித் தோன்றுவதன்று; விரும்புவோருக்கும் விரும்பப்படும் கலைக்கும் இடையே ஏதோ ஓர் உறவு இருப்பதனாலேயே அது தோன்றுகிறது என்று அதற்கு விளக்கமும் தருகிறார்.

இப்பகுப்பில் இரு நுட்பங்கள் உள்ளன. முதலாவது, எழுத்து வராமை என்பதைப் பிஷ்ர் ஒரே நோயாகக் கருதவில்லை. நேரம் கனியாமையால் வராமை வேறு. கலையே பொருந்தாமையால் வராமை வேறு. தொடக்கநிலையினர் இரண்டாம் நிலையை மூன்றாம் நிலை என்று பிழைபட உணர்ந்து, ஒரு மாலை எழுத்து வராததைக் கொண்டே தம் வாழ்நாள் முழுமைக்கும் முடிவு செய்துவிடுகின்றனர். இடைவெளிவிட்டு மீண்டும் வருதல் என்னும் சோதனையைச் செய்யாமல் எவரும் தம்மைத் தகுதியற்றவர் என்று கூறிக்கொள்ள உரிமையில்லை.

இரண்டாவது, மூன்றாம் நிலையையும் அவர் இழிவாகக் கூறவில்லை. கவிதை பொருந்தாதவருக்குச் சிறுகதை பொருந்தலாம். சிறுகதை பொருந்தாதவருக்கு வரலாறோ பயணநூலோ மொழிபெயர்ப்போ பொருந்தலாம். கவிதையில் தொடங்குவதே முறை என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. அது வராதபோது எழுத்தையே கைவிடுவோர், வாயில் ஒன்று அடைபட்டிருக்கக் கண்டு வீட்டையே விட்டுப் போவோரை ஒப்பர்.

படித்தலும் மறத்தலும்

இளைஞர் பலர் கேட்கும் மற்றொரு வினா, பிறர் நூல்களை மிகுதியாகப் படித்தால் நம் தனித்தன்மை கெட்டுவிடாதா என்பது. இதற்கு அரபு மரபு ஓர் அழகிய கதையால் விடை கூறுகிறது. அபூ நுவாஸ் இளைஞராக இருந்தபோது, கவிதை இயற்ற அனுமதி வேண்டித் தம் ஆசிரியர் கலஃபுல் அஹ்மரிடம் சென்றார். பழங்கவிதைகள் ஆயிரத்தை மனப்பாடம் செய்துவருமாறு ஆசிரியர் பணித்தார். மாணவர் அவ்வாறே செய்து வந்து ஒப்பித்தார். இனி அவற்றை மறந்துவிட்டு வா என்றார் ஆசிரியர். மறப்பது மனப்பாடம் செய்வதினும் கடினமாயிற்று. மறந்த பின்னரே அனுமதி கிடைத்தது என்பர். வரலாற்று நோக்கில் இந்நிகழ்ச்சி அப்படியே நடந்ததோ இல்லையோ, இதன் கருத்து ஆழமானது.

இப்னு கல்தூன் இக்கருத்துக்கு விளக்கம் தருகிறார். மிகுதியாகப் படித்து மனத்தில் இருத்திய தொடர்களின் சொற்கள் மறைந்த பின்னும் அவற்றின் அச்சு உள்ளத்தில் பதிந்து நிற்கும். நெசவாளரின் தறியைப் போல அந்த அச்சில் புதிய நூலைக் கோத்துப் புதிய துணியை நெய்யலாம். படிக்காதவருக்குத் தறியே இல்லை. படித்ததை மறக்காதவரோ பிறர் நெய்த துணியையே மீண்டும் விரித்துக்காட்டுகிறார். எனவே தனித்தன்மை கெடும் என்ற அச்சத்தால் படியாதிருத்தல் பேதைமை. படித்ததற்கும் எழுதுவதற்கும் இடையே காலம் கடக்கவிடுதலே தேவையானது.

ஜாஹிழ் இவ்வகையில் முன்மாதிரியானவர். பஸ்ராவில் வறிய குடும்பத்தில் பிறந்த அவர், ஏடு விற்போரின் கடைகளை இரவுக்கு வாடகைக்கு எடுத்து, அங்கேயே தங்கிப் படித்தார் என்று பழைய வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. நூல் வாங்கப் பொருள் இல்லாமை அவருக்கு ஒரு தடையாகத் தோன்றவில்லை.

திருத்துவது தகுதிக்குறைவா?

முதல் எழுத்திலேயே நன்றாக வரவேண்டும். திருத்த நேர்வது திறமைக்குறைவு என்பது தொடக்கநிலையினரிடம் காணப்படும் தவறான எண்ணம். இஸ்லாத்திற்கு முற்பட்ட பெருங்கவிஞர்களுள் ஒருவரான ஸுஹைர் இப்னு அபீ ஸுல்மாவின் கவிதைகளுள் சிலவற்றுக்கு 'ஆண்டுக்கவிதைகள்' என்று பெயர். ஒரு கவிதையை இயற்றித் திருத்திச் சரிபார்த்து வெளியிட அவருக்கு ஓர் ஆண்டு முழுதும் ஆகுமாம். அவர் வழிவந்த ஹுதைஆவும் நன்கு தீட்டப்பட்ட கவிதையே சிறந்தது என்று கருதினார்.

இதற்கு மாற்றுக் கருத்தும் இருந்தது. மொழியறிஞர் அஸ்மயீ இவ்வகைக் கவிஞர்களைக் கவிதையின் அடிமைகள் என்று அழைத்தார். இயல்பாகப் பெருக்கெடுப்பதே உயர்ந்தது என்பது அவர் போன்றோரின் சுவை. இயல்புக் கவிஞர், முயற்சிக் கவிஞர் என்னும் பாகுபாட்டை இப்னு குதைபாவும் தம் நூலில் ஆராய்ந்துள்ளார். இவ்விவாதம் முடிவுறவில்லை. ஆனால் ஒன்றை நாம் இங்குக் கருத வேண்டும். இயல்பை உயர்த்திப் பேசியவர்களும் ஸுஹைரைப் பெருங்கவிஞர் வரிசையிலிருந்து நீக்கவில்லை. திருத்தி எழுதியவரின் வரிகள் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் படிக்கப்படுகின்றன.

மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரிடம் (1908–1994) இவ்விரு இயல்புகளும் ஒருங்கே இருந்தன. 1944இல் வெளிவந்த 'பால்யகால சகி'யை அவர் முதலில் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கி, பின்னர் மலையாளத்தில் மிகவும் சுருக்கி எழுதினார். 1954இல் எழுதிய 'பாத்துமாவின் ஆடு' நூலையோ திருத்தி எழுத எண்ணியிருந்தும் அவ்வாறு செய்யாமல், முதலில் எழுதியவாறே 1959இல் வெளியிட்டார். இரண்டும் இன்று மலையாளத்தின் பெருமைக்குரிய நூல்கள். ஒரே எழுத்தாளரின் ஒரு நூல் திருத்தத்தை வேண்டியது, மற்றொன்று வேண்டவில்லை. எது வேண்டும், எது வேண்டாம் என்று காணும் கண்ணைப் பெறுவதற்குத் திருத்திப் பழகுதலே வழி.

பிறர் தீர்ப்பை ஏற்கும் முறை

எழுதியதைப் பிறரிடம் காட்ட அஞ்சுவது இயற்கை. ஜாஹிழ் இதற்கு நடைமுறைக்கு உகந்த ஒரு வழியைக் கூறுகிறார். புதிதாக எழுதியவர், தம் படைப்பைத் தம்முடையது என்று சொல்லிக்கொள்ளாமல், வேறு பலவற்றின் நடுவே அதையும் சேர்த்துக் கற்றோர் அவையில் படித்துக்காட்ட வேண்டும். கேட்போரின் செவி அதன்பால் சாய்ந்தால், எவரேனும் இதை எழுதியவர் யார் என்று வினவினால், அப்போது உரிமை கொண்டாடலாம். பலமுறை படித்தும் எவரும் கவனியாவிட்டால் அதிலிருந்து தக்க பாடம் பெறலாம். தன் மகவின்மேல் தனக்குள்ள பற்றினால் தன் எழுத்தைப் பற்றித் தானே தீர்ப்பளித்தல் இயலாது என்பதே இதன் அடிப்படை.

இம்முறையின் சிறப்பு, எழுதியவரை இருவகைத் துன்பங்களிலிருந்தும் காப்பதாகும். முகத்துக்காகச் சொல்லும் பொய்ப்புகழ் அவரை அடைவதில்லை. ஆளைப் பார்த்துச் சொல்லும் இகழ்ச்சியும் அடைவதில்லை. இரண்டாவதன் கொடுமையை ஜாஹிழ் தாமே நன்கறிந்தவர். தாம் அரிதின் முயன்று எழுதிய நூல்களைத் தம் பெயரில் வெளியிட்டபோது பொறாமை கொண்டோர் குறை கூறினர்; அவற்றினும் குறைந்த தரமுடையவற்றை இப்னுல் முகஃப்ஃபா, கலீல் போன்ற முன்னோர் பெயரில் வெளியிட்டபோது அதே மனிதர்கள் ஆவலோடு படியெடுத்துக் கொண்டனர் என்று அவர் எழுதியுள்ளார். எனவே குறைகூறல் எல்லாம் எழுத்தைப் பற்றியன அல்ல. அவற்றுள் எழுத்தைப் பற்றியது எது, எழுதியவரைப் பற்றியது எது என்று பிரித்தறிதல் தொடக்க எழுத்தாளர் கற்க வேண்டிய முதற்பாடங்களுள் ஒன்றாகும்.

வீட்டுமொழியும் ஏட்டுமொழியும்

மேற்கூறியவற்றோடு, பிஷ்ரின் ஏடு நேரடியாகப் பேசாத மற்றோர் அச்சத்தையும் நாம் குறிப்பிட்டாக வேண்டும். வீட்டில் பேசும் மொழி ஒன்றாகவும் நூல்களில் படிக்கும் மொழி வேறாகவும் இருக்கும்போது, தம் மொழி எழுதத் தகுதியற்றது என்னும் தாழ்வுணர்ச்சி இளைஞர்களிடம் தோன்றுகிறது. தமிழகத்திலும் கேரளத்திலும் ஈழத்திலும் வாழும் முஸ்லிம்களிடையே இவ்வுணர்ச்சி பரவலாக இருந்து வந்துள்ளது.

'பாத்துமாவின் ஆடு' நூலில் இதனைப் பஷீர் நகைச்சுவையாகக் காட்டுகிறார். அண்ணனின் கதையைப் படித்த தம்பி, அதில் இலக்கணப் பிழைகளைக் கண்டு பயனிலை எங்கே என்று கேட்கிறார். தாம் பேசுவது போலவே எழுதியிருப்பதாக அண்ணன் சினந்து விடையளிக்கிறார். அத்தம்பியின் கேள்வி இன்று வாசகருக்கு நகைப்பைத் தருகிறது. ஆனால் அக்கேள்விக்கு அஞ்சி அண்ணன் தம் மொழியை மாற்றியிருந்தால், அவ்வீட்டுப் பெண்களின் பேச்சும் சண்டையும் பரிவும் மலையாள இலக்கியத்தில் இடம்பெற்றிரா.

தமிழில் தோப்பில் முகம்மது மீரானின் (1944–2019) வரலாறும் இத்தகையதே. குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து மலையாளவழியில் கல்வி கற்ற அவர், தமிழ் இலக்கியத்தை முறையாகப் பயின்றவர் அல்லர். வணிகராக வாழ்ந்தவர். 1988இல் வெளிவந்த 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' என்னும் அவரது நாவல், அக்கடற்கரை முஸ்லிம்களின் பேச்சையே தன் வலிமையாகக் கொண்டிருந்தது. 'சாய்வு நாற்காலி' நாவலுக்காக 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். எம்மொழி குறைபாடென்று கருதப்பட்டிருக்கக் கூடுமோ, அம்மொழியே தமிழுக்குப் புதுச்செல்வமாயிற்று.

இவர்களுக்கு முன்னரே நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம், பள்ளிப்படிப்பு மிகக் குறைவாயிருந்தும் 1938இல் 'காதலா? கடமையா?' என்னும் நாவலை வெளியிட்டார். அது உ.வே. சாமிநாதையரின் பாராட்டைப் பெற்றது. முஸ்லிம் பெண்கள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே வாழ்ந்த அக்காலத்தில் அவர் தம் சூழலையும் கல்விக்குறைவையும் காரணங்காட்டி நின்றுவிட்டிருந்தால் எவரும் அவரைக் குறைகூறியிருக்கமாட்டார். அவர் நிற்கவில்லை.

பேச்சுமொழியில் எழுதலாம் என்பதனால் இலக்கணம் தேவையில்லை என்று கொள்ளலாகாது. ஒவ்வொரு சூழலுக்கும் உரிய சொல் உண்டு என்னும் அரபு மரபின் கொள்கையே இங்கும் வழிகாட்டி. கதைமாந்தர் பேசும் இடத்தில் அவர்தம் மொழி. ஆசிரியர் விளக்கும் இடத்தில் தெளிந்த உரைநடை. இரண்டையும் பயின்றவரே எங்கே எது வேண்டும் என்று தேர முடியும்.

பயிற்சிக்கு ஒரு முறை

இதுகாறும் கண்டவற்றை நடைமுறைப் பயிற்சியாக அமைத்துக்கொள்ள விரும்புவோர் பின்வருமாறு தொடங்கலாம். நாளின் தெளிந்த பொழுதில் அரைமணி நேரத்தை ஒதுக்கி, அதனை ஒரு மாதம் மாறாமல் காக்க வேண்டும். தாம் நேரில் அறிந்த ஒரு தொழிலையோ இடத்தையோ எடுத்துக்கொள்ள வேண்டும். கரையில் நடக்கும் மீன் ஏலம், பாய் நெய்யும் வீடு, நோன்புக்கஞ்சி காய்ச்சும் பள்ளிவாசல் முற்றம் என எதுவாயினும் ஆகலாம். அங்கே யார் என்ன செய்கிறார், என்ன பேசுகிறார் என்பதை உவமையே இல்லாமல் ஒரு பக்கம் எழுத வேண்டும். எழுதியதை அன்றே திருத்தாமல் ஓரிரு நாள் மூடிவைக்க வேண்டும். பிறகு எடுத்து உரக்கப் படிக்க வேண்டும். நாத்தடுமாறும் இடங்களில் பெரும்பாலும் சொல் தன் இடத்தில் அமரவில்லை என்று அறியலாம். திருத்திய பின்னர், எழுதியவர் பெயரைச் சொல்லாமல், நம்பத்தக்க இருவரிடம் படித்துக்காட்ட வேண்டும். எவ்விடத்தில் அவர்கள் ஆர்வம் கொண்டனர், எவ்விடத்தில் கவனம் சிதறினர் என்பதைக் குறித்துக்கொண்டாற் போதும். புகழ்ச்சியையும் இகழ்ச்சியையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுவதில்லை.

இவ்வாறு முப்பது நாள் செய்தவரிடம் முப்பது பக்கங்கள் இல்லாவிடினும் பத்துப் பக்கங்களேனும் இருக்கும். அவற்றுள் ஒன்றிரண்டு நல்ல பக்கங்கள் இருக்கக்கூடும். அப்பக்கங்களைப் போல மீண்டும் எழுத முடியும் என்னும் துணிவே தன்னம்பிக்கை எனப்படுவது. எழுதத் தொடங்குவதற்கு முன்னரே அது வேண்டும் என்று காத்திருப்போர், நீந்தக் கற்ற பின்னரே நீரில் இறங்குவேன் என்பாரைப் போன்றோர் ஆவர்.

பிஷ்ர் தம் ஏட்டை எழுதிக்கொடுத்த அவ்விளைஞர்களின் பெயர்கள் வரலாற்றில் இல்லை. அவர்களுள் எவர் கவிஞரானார், எவர் வேறு தொழிலுக்குச் சென்றார் என்பதும் எழுதிவைக்கப்படவில்லை. ஆனால் அவர்களின் தயக்கத்தைப் பொருட்படுத்தி ஒருவர் சில பக்கங்கள் எழுதினார் என்பதும், மற்றொருவர் அவற்றைக் காத்து வைத்தார் என்பதும் நமக்குத் தெரியும். நம் ஊர்களிலும் எழுத விரும்பித் தயங்கும் இளைஞர்களும் பெண்மக்களும் இருக்கின்றனர். கவிதையைக் காட்ட வந்தவரிடம் பிழைகளை மட்டும் எண்ணிக் காட்டி அனுப்பாமல், ஓரிரு நாள் கழித்து மீண்டும் பார்க்கலாம் என்று கூறி அருகில் அமர்த்திக்கொள்வோர் ஊருக்கு ஒருவரேனும் இருத்தல் நலம்.